கிரகணமும் பிள்ளையின் உதடும்

“கிரகணத்தன்று கர்ப்பிணி கத்தியைத் தொட்டால் பிள்ளை உதடு பிளந்து பிறக்கும்; ஐந்து வயசுக்கு முன் ஆபரேஷன் செய்யக்கூடாது.” பெரம்பூர்ப் பக்கம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தியில் இரண்டு பாதியுமே பொய்.

கருவின் மேலுதடு 4 முதல் 7 வாரத்துக்குள்ளும், வாயின் மேல்கூரையான அண்ணம் 6 முதல் 9 வாரத்துக்குள்ளும் கூடிவிடும். வளைகாப்பு முடிந்தவள் வெண்டைக்காய் நறுக்கினால், கூடிய உதடு பிரியாது. பரம்பரை, தாயின் சர்க்கரை நோய், புகைப்பழக்கம், சில வலிப்பு மாத்திரைகள் வாய்ப்பைக் கூட்டலாம். பல சமயம் காரணமே புலப்படாது. பெற்றவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார்களே, அதுதான் எனக்கு எரிச்சல்.

இரண்டாவது பொய் இன்னும் ஆபத்து. உதட்டுக்குப் பொதுவாக 3–6 மாதத்திலும், அண்ணமும் பிளந்திருந்தால் அதற்கு 9–18 மாதத்திலும் அறுவை சிகிச்சை செய்வார்கள். அண்ணத்தைத் தள்ளிப்போட்டால் பேச்சு மூக்கால் வரும், பிறகு திருத்துவது கஷ்டம்.

அதுவரை பால் மூக்கில் ஏறாமலிருக்க, பிள்ளையின் தலையை நிமிர்த்திப் பிடித்து, பிழிந்தெடுத்த தாய்ப்பாலை, மூக்குள்ள சிறு கிண்ணமான பாலாடையில் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டலாம். ஆமாம், பாட்டி வைத்திருக்கும் அதே பாலாடைதான். அந்தப் பாலாடையைத் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவைத்து எடுங்கள். எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையில் காட்டலாம். அங்கன்வாடிக்கு வரும் ஆர்.பி.எஸ்.கே. (குழந்தைகளைப் பரிசோதிக்கும் அரசுத் திட்டம்) மருத்துவக் குழுவிடமும் சொல்லுங்கள். அந்தத் திட்டத்தில் இதற்குச் சிகிச்சை இலவசம்.