ஆமாம், என் பையன் சிவப்பில்தான் இருக்கிறான்

என் பையன் படிக்கும் தனியார் பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் போட்ட அந்த வாசிப்புப் பட்டியலை நான் இங்கே மறுபடி போடப் போவதில்லை. வியாழக்கிழமை ராத்திரியிலிருந்து சேலத்தில் பாதிப் பேர் போனில் அதுதான் சுற்றிக்கொண்டிருக்கிறது. பார்க்காதவர்கள் பார்க்காமலே இருங்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பெயர், பிரிவோடு. வீட்டில் தினமும் 20 நிமிடம் வாசித்தால் பச்சை. விட்டுவிட்டு வாசித்தால் மஞ்சள். "வாசிப்புப் பழக்கம் இல்லாதவர்கள்" சிவப்பு. கீழே ஒரு கைகூப்பும் பொம்மை, "பெற்றோர் கவனத்திற்கு".

என் பையன் சிவப்பு.

அந்த நிறத்தை எதை வைத்து முடிவு செய்தார்கள்? வீட்டில் வாசித்ததைத் தினமும் குறிக்கும் பதிவேட்டில் பெற்றோர் கையெழுத்து இருக்கிறதா, பள்ளியின் செயலியில் நிமிடக் கணக்கு ஏறியிருக்கிறதா, அவ்வளவுதான். பிள்ளை புத்தகத்தைத் திறந்ததா என்று பார்க்க அதில் வழியே இல்லை. ராத்திரி எட்டு மணிக்கு வீட்டில் கையெழுத்துப் போட ஆள் இருந்தால் பிள்ளை பச்சை. நான் கடை மூடி வீட்டுக்குப் போக ஒன்பதரை ஆகும். ஆகவே என் பிள்ளைக்கு வாசிப்புப் பழக்கம் இல்லை. நல்ல கணக்கு.

அஸ்தம்பட்டியில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள் நான். மாதக் கடைசியில் என் கவுன்ட்டரில் நடப்பதைச் சொல்கிறேன். அம்மாக்கள் வண்டியை நிறுத்திவிட்டு வந்து, கவுன்ட்டர் மேலேயே பதிவேட்டை விரித்து, ஒன்றாம் தேதியிலிருந்து கடைசித் தேதி வரை ஒரே மூச்சில் நிரப்புகிறார்கள். ஒரே பேனாவில் எழுதினால் மிஸ் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று நீலம், கறுப்பு, ஜெல், பால்பாயின்ட் எல்லாவற்றிலும் ஒவ்வொன்று கேட்டு வாங்குகிறார்கள். ஒருவர் நடுவில் வேண்டுமென்றே 'காய்ச்சல்' என்று எழுதினார், நம்புகிற மாதிரி இருக்க வேண்டுமாம். 'வாசித்த நூல்' என்ற கட்டத்துக்கு என் கடையில் தொங்கும் நீதிக்கதைப் புத்தகங்களின் அட்டையைப் பார்த்து எழுதிக்கொள்கிறார்கள். புத்தகத்தை வாங்குவதில்லை. பேனா மட்டும்தான். அந்த வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் பச்சை. அந்த அம்மாக்களை நான் குறை சொல்லவில்லை. பிள்ளை பெயர் கெடக்கூடாது என்று செய்கிறார்கள். ஆனால் நீதிக்கதை என்று எழுதி அதைச் செய்கிறார்கள் பாருங்கள்.

சிவப்புப் பையன் என்ன படிக்கிறான் என்று கேட்டீர்களா? பள்ளிவிட்டு நேராகக் கடைக்குத்தான் வருவான். தினசரியில் விளையாட்டுப் பக்கத்தை ஒரு வரி விடாமல் படிப்பான். நகல் எடுக்க வரும் பத்திரங்களைப் படிப்பான். "கிழக்கில் வாய்க்கால், மேற்கில் பொதுத்தடம்" என்று வாய்விட்டுப் படித்துவிட்டு, "அம்மா, கிரையம்னா என்ன? வில்லங்கம்னா சண்டையா?" என்பான். (பத்திரம் கொடுத்தவர்கள் பதற வேண்டாம், இப்போதெல்லாம் அவனைத் தள்ளித்தான் உட்கார வைக்கிறேன்.) செயலியில் புத்தகத்தின் பெயரைத் தேர்ந்தெடுக்க ஒரு பட்டியல் வரும். அதில் இல்லாததைப் படித்தால் படித்ததாகவே ஆகாது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை கிரையப் பத்திரம் படிக்கும் என்று அதைச் செய்தவர்களுக்கு எப்படித் தெரியும்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் அம்மாப்பேட்டையில் தறிக்காரர் வீட்டுப் பெண். அப்பா தறிக்குழியில், அம்மா ராட்டையில் தார் (நெசவுக்கான ஊடை நூல்) சுற்றிக்கொண்டிருப்பார். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. வாரப் பத்திரிகை பக்கத்து வீட்டிலிருந்து வரும். தொடர்கதையை நான் சத்தமாகப் படிக்க வேண்டும், அம்மா தார் சுற்றிக்கொண்டே கேட்பார். தறிச் சத்தத்துக்கு மேல் கத்திப் படிக்க வேண்டும். சுவாரசியமான இடத்தில் நிறுத்தினால் ராட்டையும் நின்றுவிடும், "படி கண்ணு, அப்புறம் என்னாச்சு?" என்பார். நான் படிக்கிறவள் ஆனது அப்படித்தான். யாரும் நிமிடம் குறிக்கவில்லை. இன்றைக்கு இருக்கும் இந்தப் பதிவேடு அன்றைக்கு இருந்திருந்தால் என் அம்மாவின் கைநாட்டு அந்தக் கட்டத்துக்குள் அடங்கியிருக்குமா? நானும் சிவப்புதான். எங்கள் தெருவே சிவப்புதான். வியாழக்கிழமையிலிருந்து எனக்குத் தூக்கம் வராதது பையனுக்காக மட்டும் இல்லை.

சரி, கமெண்ட்டில் வரப்போகிறவற்றுக்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன்.

"உன் பிள்ளை பெயர் வந்ததால் எரிகிறது." ஆமாம், எரிகிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கா எரியும்?

"ஆசிரியர்களைத் திட்டுகிறாய்." இல்லை. அந்த மிஸ்ஸை எனக்குத் தெரியும், நல்ல பெண். மேலே இருந்து கேட்கிறார்கள், அவர் ஏற்றுகிறார். அரசுப் பள்ளிகளில் எமிஸில், அதாவது கல்வித் துறையின் இணையப் பதிவில், விவரங்களை ஏற்றி ஏற்றியே பாதி நாள் போகிறது என்று ஆசிரியர்கள் எத்தனை காலமாகப் புலம்புகிறார்கள். தனியார் பள்ளிகள் அதைப் பார்த்தா கற்றுக்கொள்ள வேண்டும்?

"கணக்கே வைக்காவிட்டால் பிள்ளைகள் போனை நோண்டிக்கொண்டே இருக்கும்." இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வாசித்த நிமிடத்தை ஏற்றுவதற்கும் அதே போனைத்தானே கையில் கொடுக்கச் சொல்கிறீர்கள்.

"அளக்காமல் எப்படி முன்னேற்றுவது?" இதைப் பெங்களூரில் இருக்கும் என் பெரியப்பா மகன் எழுதுவார், எனக்குத் தெரியும். அண்ணா, அளக்க வேண்டாம் என்று யார் சொன்னது? அசர் என்று ஒரு கணக்கெடுப்பு 2005-லிருந்து நடக்கிறது. கிராமங்களில் வீட்டுக்கே போய், பிள்ளை கையில் தாளைக் கொடுத்து, எழுத்து, சொல், சின்னப் பத்தி, இரண்டாம் வகுப்பு அளவுக் கதை, இதில் எதுவரை வாசிக்கிறது என்று உட்கார்ந்து கேட்கிறார்கள். அது அளப்பது. பிள்ளையின் பெயரைத் தெருவில் ஒட்டுவதில்லை. நீங்கள் செய்வது பாலைப் பார்க்காமல் பால்காரர் சட்டையைப் பார்த்துத் தரம் சொல்வது மாதிரி இருக்கிறது.

ஆராய்ச்சி கேட்பவர்களுக்கும் ஒன்று. 2012-ல் அமெரிக்காவில் இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைப் பிரித்து, பாதிப் பேருக்கு வாசிப்புப் பதிவேட்டைக் கட்டாயம் ஆக்கினார்கள், மீதிப் பேருக்கு விருப்பம் இருந்தால் எழுதலாம் என்று விட்டார்கள். கட்டாயப்படுத்திய பக்கம் வாசிப்பில் ஆர்வம் குறைந்தது. இதைக் கண்டுபிடிக்க அமெரிக்கா போயிருக்க வேண்டாம், என் கவுன்ட்டரில் நின்றிருந்தாலே போதும்.

சட்டமும் இருக்கிறது. 2023-ல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது ஆகாத பிள்ளைகளைப் பின்தொடர்ந்து கண்காணிக்கக் கூடாது என்கிறது. பள்ளிகளுக்குக் கல்வி சார்ந்த வேலைக்கு விதிகளில் விலக்கு உண்டு என்று வக்கீல் சார் உடனே வருவார். வாருங்கள் சார். வாட்ஸ்அப் குழுவில் பெயரைச் சிவப்பில் போடுவது எந்தக் கல்வி சார்ந்த வேலை?

ஏற்காட்டு மலையில் என் தோழி ஒருத்தி அரசுப் பள்ளியில் இருக்கிறாள். காபிப் பழம் பறிக்கும் மாதங்களில் பெற்றோர் விடிவதற்குள் எஸ்டேட்டுக்குப் போய்விடுவார்கள். வீட்டில் சிக்னலும் கிடையாது, கையெழுத்துப் போட ஆளும் கிடையாது. வாசிப்பு இயக்கத்துக்காக அரசு கொடுத்த சின்னச் சின்னப் புத்தகங்களை, நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாக இருக்குமே, அவற்றை அவள் வகுப்பில் பிள்ளைகள் கை எட்டும் உயரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள். அவளிடமும் ஒரு நோட்டு இருக்கிறது. எந்தப் புத்தகம் யாரிடம் போயிருக்கிறது என்று மட்டும் அதில் எழுதுவாள், திரும்பி வர வேண்டுமே என்று. எத்தனை நிமிடம் என்று கேட்டதே இல்லை. புத்தகம் கசங்கித் திரும்பினால் அவளுக்குச் சந்தோஷம்.

எங்கள் பள்ளியில் நூலகம் இருக்கிறது. கண்ணாடி பீரோ, பூட்டு. கட்டண ரசீதில் நூலகத்துக்கு என்று தனியாக ஒரு வரி வருகிறது. ஊரில் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்துக் கட்டுகிறோம், அதுவாவது மாவட்ட மைய நூலகத்துக்குள் போய் உட்கார விடுகிறது. பள்ளி பீரோவின் சாவி யாரிடம் இருக்கிறது என்று போன பெற்றோர் கூட்டத்தில் கேட்டேன். "பிள்ளைங்க கிழிச்சிடுவாங்க மேடம்" என்றார்கள். பள்ளியில் தொடவிடாத புத்தகத்தை வீட்டில் 20 நிமிடம் வாசித்ததற்குச் சான்று கேட்கிறார்கள்!

எனக்கு மன்னிப்பெல்லாம் வேண்டாம். அந்தப் படத்தைக் குழுவிலிருந்து நீக்கட்டும், பீரோவைத் திறக்கட்டும். பதிவேட்டை இனி நான் நிரப்பப் போவதில்லை, சிவப்பிலேயே இருக்கட்டும். இதை எழுதியதற்காக என்னைக் குழுவிலிருந்து எடுப்பதாக அட்மின் முடிவு செய்தாலும் சரி. கட்டணக் கடைசித் தேதியை மட்டும் தனியாக அனுப்பிவிடுங்கள், அதை எப்படியும் நீங்கள் மறக்கப் போவதில்லை.