பொலிகார்ப் தானாகப் போய்ச் சரணடையவில்லை

“மரணபரியந்தம் உண்மையாயிரு” என்ற வசனத்தின்படியே பொலிகார்ப் தாமாக ரோமரிடம் போய் நின்றார், ஆதிச் சபையும் எல்லோரிடமும் அதையே எதிர்பார்த்தது என்று ஒரு சகோதரர் எழுதியிருக்கிறார். வெளிப்படுத்தின விசேஷம் 2:10 சிமிர்னா (இன்றைய துருக்கியின் இஸ்மிர்) சபைக்குச் சொல்லப்பட்டதுதான்; பொலிகார்ப் அவ்வூர்ப் பேராயர்தான். மற்றதெல்லாம் தலைகீழ்.

விசுவாசத்தை மறுக்காததால் ரோமர் அவரைக் கொன்றதைப் பற்றி 2ஆம் நூற்றாண்டில் சிமிர்னா சபையே எழுதிய கடிதம் இருக்கிறது. நண்பர்கள் வற்புறுத்தியதால் அவர் ஊரைவிட்டு ஒரு பண்ணைவீட்டுக்குப் போனார். தேடி வந்தவர்கள் நெருங்கியதும் இன்னொரு வீட்டுக்கு மாறினார். பிடிபட்ட வேலைக்காரப் பையன் சித்திரவதை தாளாமல் இடத்தைக் காட்டிக்கொடுத்தான். அப்போதும் தப்பியிருக்கலாம், அதற்குமேல் ஓட அவருக்கு மனமில்லை. கைதுசெய்ய வந்தவர்களுக்கு இரவுச் சாப்பாடு போடச் சொல்லிவிட்டு, ஜெபிக்க ஒரு மணி நேரம் கேட்டார். இரண்டு மணி நேரம் நின்றபடியே ஜெபித்தார். கிறிஸ்துவைச் சபிக்கச் சொன்ன ரோம ஆளுநரிடம், 86 ஆண்டுகளாக அவருக்கு ஊழியம் செய்கிறேன், அவர் எனக்கு ஒரு தீங்கும் செய்ததில்லையே என்றார்.

தானாக முன்வந்தவர் ஒருவரும் அதே கடிதத்தில் வருகிறார், பிரிகியா பகுதியிலிருந்து வந்த குயின்டஸ். மற்றவர்களையும் தூண்டி இழுத்துவந்தவர், அரங்கில் கிறிஸ்தவர்கள்மேல் ஏவப்படும் காட்டு மிருகங்களைக் கண்டதும் நடுங்கி, ஆளுநர் சொன்னபடி ரோமரின் தெய்வங்களுக்குப் பலி செலுத்திவிட்டார். தாங்களாகவே போய்ச் சிக்குகிறவர்களை நாங்கள் பாராட்டுவதில்லை, சுவிசேஷம் அப்படிப் போதிக்கவில்லை என்று சபை அங்கேயே வெளிப்படையாக எழுதிவைத்திருக்கிறது. பொலிகார்ப்பை மேற்கோள் காட்டுகிறவர்கள் இந்தக் குயின்டஸை மட்டும் ஏன் வசதியாக விட்டுவிடுகிறார்களோ!