கபூஸ் (பழைய ரயில் பெட்டி) வாங்குவது பற்றி ஒரு திருத்தம்

“அமெரிக்காவில் பழைய கபூஸை மலிவாக வாங்கலாம், தண்டவாளத்திலேயே இழுத்து வந்து வீட்டருகே இறக்கிவிடலாம், சக்கரம் இருப்பதால் அனுமதி தேவையில்லை” என்று ஒரு பதிவில் எழுதியிருக்கிறீர்கள். இதை நம்பி யாராவது முன்பணம் கொடுத்துவிடக் கூடாது.

கபூஸ் என்பது சரக்கு ரயிலின் கடைசியில் ஊழியர்கள் தங்கிய பெட்டி, நம் ஊர் கார்டு வேன் மாதிரி. 1980களில் அவை ஓய்வுபெற்றது உண்மைதான். ஆனால் எடை சுமார் 25 டன். பல பெட்டிகளில் சக்கர அச்சைத் தாங்குவது எண்ணெய் ஊறிய திணிப்பு வைத்த பழைய பேரிங்; அவற்றைப் பொது ரயில் பாதையில் ஓட்ட விடமாட்டார்கள். அதனால் சாலைவழிதான். பெட்டியின் உடல் சக்கரத் தொகுதிகள் மேல் தன் எடையாலேயே உட்கார்ந்திருக்கும். கிரேனால் உடலைத் தூக்கி ஒரு லாரியிலும், சக்கரங்களை இன்னொன்றிலும் ஏற்றுவார்கள். இறக்கும் இடத்தில் ஜல்லி, கட்டை, தண்டவாளம் தயாராக இருக்க வேண்டும். அங்கேயும் கிரேன். பெட்டியின் விலையை விட இந்தச் செலவு பெரிதாகிவிடலாம்.

அனுமதியை அந்தந்த ஊர் நிர்வாகம்தான் முடிவு செய்யும். சக்கரம் இருப்பதாலேயே விலக்கு கிடைத்துவிடாது. அப்புறம், உள்ளே உரியும் பெயின்டில் ஈயம் இருக்கலாம். சோதிக்காமல் சுரண்டாதீர்கள், குழந்தைகள் இருந்தால் சோதனை கட்டாயம்.

முடியாத காரியம் என்று சொல்லவில்லை. பென்சில்வேனியாவில் 19 கபூஸ்களை வாங்கி 1970இல் விடுதியாகவே திறந்தார்கள். பெட்டிக்கு விலை பேசும் முன் கிரேன்காரரிடம் விலை கேளுங்கள்.