மேலிருந்து பார்த்தால் தரிசு

"கேமராமேன் டைரக்ட் பண்ணினா படம் பார்க்க அழகா இருக்கும், கதை இருக்காது" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அப்போதெல்லாம் வியட்நாம் இயக்குநர் நுயென் ஹோங் சென் என்பவரைத்தான் நினைத்துக்கொள்வேன்.

போர்க்களத்தில் கேமரா தூக்கித் திரிந்த மனிதர். தெற்கு வியட்நாமில் குண்டுகளுக்கு நடுவே ஆவணப்படம் எடுத்தவர். போர் முடிந்த பிறகுதான் கதைப்படங்களுக்கு வந்தார். 1979-இல் அவர் இயக்கிய 'கான் டோங் ஹோவாங்' 1981-இல் மாஸ்கோ திரைப்பட விழாவில் தங்கப் பரிசு வாங்கியது. தரிசு வயல் என்று அந்தப் பெயருக்கு அர்த்தம் சொல்லலாம்.

மீகாங் ஆற்றுப் படுகையில் டோங் தாப் முயி என்ற சதுப்பு வெளி. கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளம், நாணல். நடுவில் ஒரு குடிசை, அதில் புருஷன், பெண்டாட்டி, கைக்குழந்தை. கெரில்லாக்களின் தொடர்புப் பாதையைக் காப்பது அவர்கள் வேலை. அமெரிக்க ராணுவத்துக்கோ அது யாரைக் கண்டாலும் சுடலாம் என்று அறிவித்த பகுதி. ஹெலிகாப்டர் சத்தம் கேட்டதும் குழந்தையைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, தண்ணீருக்குள் அமுக்குகிறார்கள். அந்தக் காட்சி முடியும்வரை நானும் மூச்சை அடக்கிக்கொண்டுதான் இருந்தேன்.

அதே இடத்தைப் படம் இரண்டு உயரத்திலிருந்து காட்டுகிறது. ஹெலிகாப்டரிலிருந்து பார்த்தால் வெறும் தண்ணீர், ஆளில்லாத வெளி. கீழே இறங்கினால் அடுப்பு எரிகிறது, மீன் பிடிக்கிறார்கள், புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டுச் சமாதானம் ஆகிறார்கள். தரிசு என்பது மேலே பறப்பவன் வைத்த பெயர் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. கேமராவை எங்கே வைப்பது என்று யோசித்தே வாழ்ந்த ஒருவருக்குத்தான் இப்படி ஒரு கதைசொல்லல் கைவரும். இந்தப் படத்தில் கேமராவைப் பிடித்தவர் டுவாங் துவான் பா. அது எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது. கருவியை இன்னொருவர் கையில் கொடுத்த பிறகும் ஹோங் சென்னின் பார்வை படம் முழுக்க இருக்கிறது.

திரைக்கதை எழுதிய நுயென் குவாங் சாங், இசையமைத்த திரின் கோங் சோன் இருவருமே அந்த நாட்டில் பெரிய பெயர்கள். நடித்த லாம் தோய், துய் ஆன் இருவரையும் பார்த்தால் அந்தத் தண்ணீரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் மாதிரி இருக்கும். ஹெலிகாப்டருக்குள் அமெரிக்கர்கள் பேசும் காட்சிகள் மட்டும் எனக்குக் கொஞ்சம் விறைப்பாகத் தெரிந்தன.

ஆனால் முடிவு! கணவன் சுடப்பட்டுச் சாகிறான். மனைவி அந்த ஹெலிகாப்டரைச் சுட்டு வீழ்த்துகிறாள். செத்துக் கிடக்கும் அமெரிக்கனிடமிருந்து ஒரு போட்டோ விழுகிறது. அவன் மனைவியும் குழந்தையும். போர் முடிந்து நாலே வருஷத்தில், ஜெயித்த நாட்டிலிருந்து, குண்டுக்குக் கீழே நின்று படமெடுத்த ஒருவர் வைத்த ஷாட் இது. அந்தப் போட்டோவை மேலிருந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்காது. அவர் கிட்டே போய்க் காட்டுகிறார்.

ஹோங் சென் 1995-இல் காலமானார். படம் கிடைத்தால் பாருங்கள். ஹெலிகாப்டர் வரும்போது மட்டும் சத்தத்தைக் குறைத்துவிடாதீர்கள்.