ஜூரி வேண்டாமுங்க, சாட்சியைக் கொஞ்சம் கவனியுங்க

பொதுமக்களில் சிலரைப் பொறுக்கி உட்காரவைத்து வழக்கில் முடிவு சொல்லச் சொல்லும் ஜூரி முறை இங்கேயும் வரணும் என்று யாராவது கிளம்பினால் நான் எதிர்ப்பக்கம்தான். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய எங்கள் பங்காளி பையனுக்கு ஜூரி அழைப்பு வந்ததிலிருந்து குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் இதே பேச்சு. "ஊர்ப் பெரியவங்க உட்கார்ந்து சொன்னா கேஸ் சட்டுனு முடிஞ்சுருமுங்க" என்கிறார் ஒரு சித்தப்பா. முடியும்தான், எப்படி முடியும் என்பதில்தான் எனக்குப் பயம். காங்கேயத்திலோ தாராபுரத்திலோ பன்னிரண்டு பேரைப் பொறுக்கினால் மூன்று பேர் ஒரே குலக் கூட்டமாக இருப்பார்கள், இரண்டு பேர் சம்பந்தி வீடு, ஒருத்தர் பிரதிவாதியிடம் கைமாத்து வாங்கியவர்.

அமெரிக்காவில் இதற்காகவே கேள்வி கேட்டு ஆளைக் கழிக்கிறார்கள். அதிலும் வில்லங்கம். காரணமே சொல்லாமல் ஆளை நீக்க வக்கீல்களுக்கு இருக்கும் உரிமையை வைத்துக் கறுப்பினத்தவரை ஒதுக்கினார்கள். இனம் பார்த்து நீக்கக் கூடாது என்று 1986இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. அது போதவில்லை என்று அரிசோனா மாநிலம் 2022இல் அந்த உரிமையையே எடுத்துவிட்டது. நமக்கும் ஜூரி புதிதில்லை. கடற்படை அதிகாரி நானாவதி மேல் நடந்த கொலை வழக்கோடு அது போயிற்று என்பார்கள். ஆனால் அந்தக் கொலை நடந்த 1959க்கு முந்தைய வருடமே சட்ட ஆணையம் ஜூரியை எடுத்துவிடச் சொல்லியாயிற்று.

பையன் சொன்னதில் எனக்குப் பிடித்தது வேறு. நாளைக்கு வரணுமா வேண்டாமா என்று முந்தின நாள் சாயங்காலமே போனிலோ இணையத்திலோ பார்த்துக்கொள்ளலாமாம். பல ஊர்களில், ஒரு நாள் போய் எந்த வழக்குக்கும் எடுக்கவில்லை என்றால் அந்தத் தடவைக்குக் கடமை முடிந்தது. ஃபெடரல் கோர்ட்டில் நாளுக்கு 50 டாலர் தருகிறார்கள். அது பத்தாது என்று அங்கேயும் முணுமுணுப்புதான்.

இங்கே எங்கள் மாமா கதையைக் கேளுங்கள். பல்லடம் ரோட்டில் ஒரு லாரி பைக்கில் மோதியதைப் பார்த்தவர், அவ்வளவுதான். சம்மன் வந்ததும் தறியை நிறுத்திவிட்டு, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பத்து மணிக்கே கோர்ட் வராந்தாவில் போய் நின்றார். உட்கார இடமில்லை. எட்டிப் பார்த்தால் டவாலி வெளியே போகச் சொல்கிறார். மூன்று மணிக்குப் பெயரைக் கூப்பிட்டார்கள்; எதிர்த்தரப்பு வக்கீல் வேறு கோர்ட்டில் இருக்கிறாராம், வாய்தா. சாட்சிக்கு வந்துபோகும் செலவுக்குப் பேட்டா என்று ஒன்று உண்டு என்பதையே யாரும் சொல்லவில்லை. "இனி ரோட்டுல எவன் உளுந்து கெடந்தாலும் நான் பாக்கலீங்க கண்ணு" என்றார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

வக்கீல் வேறு கோர்ட்டில் இருப்பது வாய்தாவுக்குக் காரணமாகாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 309, அதற்குப் பதிலாக வந்த இப்போதைய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் 346. வந்த சாட்சியை விசாரிக்காமல் தள்ளிவைத்தால் காரணத்தை எழுதணும். சாட்சியை நாள் முழுக்கக் காக்கவைத்துத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று 2000இலேயே ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வருத்தப்பட்டது. அப்புறமும் வராந்தா அதே வராந்தாதான்.

போலீஸ் சோதனை போட்டு எழுதும் மகஜரில் கையெழுத்துப் போடும் சாட்சி இன்னொரு கூத்து. அக்கம்பக்கத்து நாணயமான ஆள் இரண்டு பேர் வேண்டும் என்பது சட்டம். ஸ்டேஷனுக்குத் தெரிந்த ஆளே கையெழுத்துப் போடுவதும், கோர்ட்டில் பிறழ்வதும் ஊரறிந்த விஷயம். சோதனையை வீடியோ எடுக்கணும் என்று 2024 ஜூலை முதல் வந்திருக்கிறது, நல்லது. ஆளைப் பொறுக்குவதை அது மாற்றுமா என்பது சந்தேகம்தான்.

வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்பது இ-கோர்ட்ஸ் செயலியில் வக்கீல் கையில் இருக்கிறது. அதிலிருந்து சாட்சிக்கு முந்தின நாள் ஒரு எஸ்எம்எஸ், காலையா மதியமா என்று ஒரு நேரம், ஃபேன் போட்ட ஒரு ரூம், அன்றைக்கே ஜிபேயில் பேட்டா. இதற்கு என்ன பெரிய செலவு? கேஸ் குவிந்து கிடக்கிறது, எது எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்கிறார் வக்கீல் நண்பர். சரி, அன்றைக்கு எடுக்க முடிகிற கேஸுக்கு மட்டும் சாட்சிக்குச் சம்மன் அனுப்புங்கள்.