'எல்லோரும் காறித் துப்பிய கேம்' என்பது உண்மையா?

கடலூர் மஞ்சக்குப்பம் பக்கம் கேம் ஆடும் பசங்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது: "மார்வெல் வெர்சஸ் கேப்காம்: இன்ஃபினிட், சண்டையே சரியில்லை என்று விமர்சகர்கள் மொத்தமாக நிராகரித்த கேம்." இது பாதி அல்ல, முக்கால்வாசி தவறு.

மார்வெல் காமிக்ஸ் நாயகர்களும் ஜப்பானிய கேம் நிறுவனமான கேப்காமின் பாத்திரங்களும் மோதும் இந்தச் சண்டை கேம் 2017 செப்டம்பரில் வந்தது. இதன் பிளேஸ்டேஷன் 4 பதிப்புக்கு, விமர்சகர்களின் மதிப்பெண்களைத் திரட்டும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் சராசரி 100க்கு 70ஐ ஒட்டி வந்தது. சுமார் என்று சொல்லலாம், படுதோல்வி என்று சொல்ல முடியாது. அதிலும் பலர் பாராட்டியதே சண்டையைத்தான். முந்தைய பாகத்தில் மூவர் அணி; இதில் இருவர்தான். ஆனால் ஒரு பட்டனைத் தட்டினால், அடித்துக்கொண்டிருக்கும்போதே கூட்டாளி உள்ளே குதிப்பார். அந்த இடத்தில் காம்போ (இடைவெளி விடாமல் தொடுக்கும் அடிகள்) பின்னுவது தனி சுகம் (கட்டைவிரல் வீங்கியதுதான் மிச்சம்).

திட்டு விழுந்தது வேறு இடத்தில். முகங்கள் மெழுகு பொம்மை மாதிரி இருந்தன. டெமோவில் கேப்காமின் பிரபல வீராங்கனை சுன்-லீயின் முகத்தைப் பார்த்து ஊரே சிரித்தது. வெளியீட்டுக்கு முன் கேப்காம் அதைத் திருத்தியது. அப்புறம், வால்வரின் உள்ளிட்ட மார்வெலின் எக்ஸ்-மென் நாயகர் குழுவில் ஒருவர்கூட இல்லை. வால்வரின் இல்லாமல் மார்வெல் சண்டையா என்ற கோபம் நியாயமானதே.