'கங்-ஹோ' பழஞ்சீனப் பொன்மொழி இல்லை

பினாங்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை நண்பர்களின் புலன (வாட்ஸ்அப்) குழுக்களில் ஒரு படம் சுற்றுகிறது: 'கங்-ஹோ என்பது ஈராயிரம் ஆண்டுச் சீனப் பொன்மொழி, ஒன்றாக உழைப்போம் என்று பொருள், நேர்காணலில் சொல்லுங்கள்' என்று. இது தவறு.

சீனத்தில் 1938இல், ஜப்பானியப் போர் நடந்தபோது, தொழிற்கூட்டுறவுச் சங்கங்கள் தொடங்கின. 'கோங்யே ஹெச்சுவோஷெ' என்ற அந்த நீளப் பெயரின் சுருக்கம்தான் 'கோங் ஹெ', நாம் தேசிய முன்னணியைத் தே.மு. என்பது மாதிரி. 'வேலை', 'சேர்' என்ற இரண்டு எழுத்துகள் அடுத்தடுத்து நிற்பதால், அதைச் சீனாவில் கேட்ட அமெரிக்க அதிகாரி எவன்ஸ் கார்ல்சன் 'சேர்ந்து உழை' என்று எடுத்துக்கொண்டு, 1942இல் தன் மரைன் (கடல்வழித் தாக்குதல்) படைப் பிரிவுக்கு முழக்கமாக்கினார். அங்கிருந்துதான் அது 'கங்-ஹோ' என்று ஆங்கிலத்துக்கு வந்தது.

அப்புறம் பொருளும் மாறிவிட்டது. இன்று அது துடிப்பைக் குறிக்கும், பல இடங்களில் முன்பின் யோசிக்காமல் பாய்கிற அளவுமீறிய துடிப்பையும் குறிக்கும். பாதுகாப்புப் பிரிவு வேலைக்குப் போகிற தம்பி 'நான் கங்-ஹோ' என்றால் கேட்பவர் முகம் சுளிக்கலாம், பாவம், அவன் நல்லதாக நினைத்துத்தான் சொல்லியிருப்பான்.

மெரியம்-வெப்ஸ்டர் அகராதி இணையத்தில் இலவசம், பார்த்துக்கொள்ளலாம். அந்தப் படத்தை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள், அனுப்பியிருந்தால் அதே குழுவில் இதையும் போட்டுவிடுங்கள்.